கதவுக்குள் வராத தொட்டி

— இன்னும் கொஞ்சம் சாய்ங்க அண்ணி. மூலை இடிக்குது.

— சாய்ச்சா கண்ணாடி போயிடும். நான் தொட்டி செய்றவ நாத்தனாரே, வித்தை காட்டுறவ இல்ல. கீழ வை.

— வச்சா எப்படி? நாளைக்குக் காலையில ஆய்வுக் குழு முன்னாடி நிக்கணும். தண்ணி எப்படிச் சுத்தும்னு நான் போட்ட கணக்கும் தொட்டியும் ஒத்துப் போகலேன்னா என் மூணு வருஷ ஆராய்ச்சியும் குப்பைதான்.

— உன் லேப்புக்குள்ளதான் சின்னத் தொட்டி ஒண்ணு இருக்கே, நான் செஞ்சு குடுத்தது. அதுக்கு என்ன கேடு?

— அதுல ஆழம் எவ்வளவோ அகலமும் அவ்வளவுதான். தண்ணியோட மேல்பரப்பைத் தொட்டுக்கிட்டு பெல்ட் ஓடினா அடியில தண்ணி உருளும். சாயத்தை விட்டா ஒரே வட்டமா சுத்தணும்னு என் கணக்கு. அது என்னடான்னா நழுவி நழுவி பக்கச் சுவரைத் தேடிப் போகுது.

— சுவர் அவ்வளவு கிட்ட இருந்தா தண்ணி எப்படி நேரா போகும்? உங்கம்மா பக்கத்துல நின்னா நானே கோணிக்கிட்டுத்தான் நடக்குறேன்.

— அதான் அஞ்சு மடங்கு அகலம் கேட்டேன். சுவர் தள்ளிப் போனா நடுவுல தண்ணி ஒழுங்கா சுத்தும்.

— சரி, உன் கணக்குல சுவர் எங்க இருக்கு?

— பக்கச் சுவரே கிடையாது அண்ணி. காகிதம் மாதிரி தட்டையான கணக்கு.

— அடி சக்கை. இருக்குற சுவரை இல்லேன்னு எழுதிட்டு, சுவரைத் தள்ளி வைன்னு என் உயிரை வாங்குற. தொட்டிதான் கதவுக்குள்ள வராது. சுவர் உன் கணக்குக்குள்ள வருமா?

— வரும்... போன வாரம் ஒரு தடவை சுவரையும் சேத்துக் கம்ப்யூட்டர்ல போட்டேன். படம் கோணல்மாணலா வந்துச்சு. தப்புன்னு மூடி வச்சிட்டேன்.

— எதோட ஒப்பிட்டுத் தப்பு?

— தட்டைக் கணக்கோட.

— கிழிஞ்சுது போ. தொட்டியோட ஒப்பிட்டியா? அந்தப் படத்தை எடு. பெல்ட்டை ஓட்டி சாயத்தையும் விடு. நான் இங்கேயே, இந்தக் கண்ணாடி வழியா பாக்குறேன்.

— விட்டாச்சு. சுத்துது... சுவர்ப்பக்கம் போகுது... அண்ணி.

— என்ன அண்ணி? சொல்லித் தொலை.

— சுவரோரமா போயி, மறுபடி நடுவுக்கே திரும்புது. படத்துலயும் அதே இடம், அதே வளைவு. சுவரைச் சேத்த கணக்குதான் சரி அண்ணி. எனக்கு அழுகையா வருது.

— அழு, நல்லா அழு. அப்புறம் மூஞ்சியைக் கழுவிட்டு வந்து இந்த முனையைப் பிடி. வண்டியில ஏத்தணும்.

— பாவம் நீங்க. எனக்காக இவ்வளவு பெருசா செஞ்சு, வீணாப் போச்சே.

— உனக்கா? கதவு பத்தாதுன்னு மூணு தடவை சொன்னேன், காதுல வாங்கினியா? வாயால சொன்னா உனக்கு ஏறாதுன்னுதான் போற வழியில இதை இறக்கிக் காட்டினேன். சீக்கிரம் பிடி, வண்ண மீன் கடைக்காரர் தன் தொட்டிக்காகக் காத்துக்கிட்டு இருக்கார்.