மூழ்காத ஏழு தீவுகள்

தேத்தண்ணீரில் சீனி சற்றுக் கூடிவிட்டது, ஐயா. பரவாயில்லை, குடிக்கலாம்.

நானும் வசீகரனும் புளியங்கூடலில் பக்கத்து வளவுக்காரர். ஏழு தீவுகளும் நாற்பதினாயிரம் சனமும் கொண்ட ஒரு மாயலோக நாவலை இருவருமாக எழுதிக்கொண்டிருந்தோம். அதன் அரசர்களையும் கோட்டைகளையும் கடல்நாகங்களையும் படைத்தவன் நான். அங்கே நடமாடும் மனிதர்களை மட்டும் அவன் எழுதினான்.

முதற்பாதியை வாசித்த பதிப்பாளர் தொலைபேசியில் பேசினார். நாகமும் கோட்டையும் இப்படியான எல்லா நாவல்களிலும் இருக்கின்றனவாம். செத்த பிள்ளையை உப்பிட்டு வைத்துக்கொண்டு தோணி வலிக்கும் பெண்தான் இதைத் தனித்துக் காட்டுகிறாளாம். அவள் வசீகரனுடைய ஆள். நான் சந்தோசப்பட்டேன். எனக்குப் பொறாமை என்று அவன் மனைவி அனோஜினி உங்களிடம் சொல்லியிருப்பாள். பாவம், துக்கத்தில் இருக்கிறாள்.

பிறகொரு மத்தியானம் என் முற்றத்தில் இருந்து அவன் முடிவைச் சொன்னான். கடைசி அத்தியாயத்தில் ஏழு தீவுகளையும் கடல் விழுங்கிவிடுமாம்.

"மற்றக் கதையளில கடைசியில ஆரோ ஒருத்தன் வந்து காப்பாத்துவான், அரியநாயகம் அண்ணை. எங்கட கதையில ஒருத்தரும் வரமாட்டினம். அதுதான் இதின்ர வித்தியாசம்."

"மாத்த ஏலாதோ?"

"ஏலாது அண்ணை. மாத்தினா இதுவும் பத்தோட பதினொண்டாப் போயிடும்."

இளநீர் வெட்டித் தருகிறேன் என்று கொடுவாக்கத்தியை எடுத்தேன். அவன் குடித்து முடிக்கும்வரை பொறுத்தேன். தாகத்தோடு ஒருவரை அனுப்புவது முறையல்ல.

முதல் வெட்டுத் தோளில் விழுந்தது. அது என் பிழைதான். மறிக்கக் கையை உயர்த்தினான், விரல்கள் போயின. கிணற்றடி வரை தவழ்ந்துபோய் ஊரைக் கூப்பிட்டான். எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகள் பூட்டியே கிடக்கின்றன, ஆட்கள் கனடாவில். ஒருவரும் வரவில்லை. அந்த ஒன்றில் அவன் சொன்னது சரி. கழுத்துக்கு இரண்டு வெட்டு வேண்டியிருந்தது. சத்தம் அடங்கியதும் கிணற்றுக்கட்டைக் கழுவிவிட்டேன். அனோஜினியும் அங்கேதான் தண்ணீர் அள்ளுவாள்.

நாற்பதினாயிரம் பேரைக் கொல்ல இருந்த ஒருவனைத் தடுத்திருக்கிறேன். நீங்கள் இதைக் கொலை என்று எழுதுவீர்கள். எழுதுங்கள், அது உங்கள் உத்தியோகம்.

நீங்கள் வந்து சேருவதற்குள் முடிவை நானே எழுதிவிட்டேன். தீவுகள் மூழ்கவில்லை, சனம் பிழைத்துக்கொண்டது. தோணிக்காரியை மட்டும் அந்த அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே நாகம் விழுங்குகிறது, பிள்ளையோடு சேர்த்து. அவள் கதைக்குத் தேவைப்படவில்லை.

பதிப்பாளருக்கு ஒன்று சொல்லிவிடுங்கள். அட்டையில் என் பெயர் முதலில் வரவேண்டும். அகரவரிசைப்படி பார்த்தாலும் அதுதான் ஒழுங்கு.