இருபது தலை

தலைவியக்கா: பதினெட்டு... பத்தொன்பது... நீ ஏறிட்ட, இருபது! அப்பாடா.

நர்ஸ்: என்னையுமா எண்ணுறீங்க? நான் தினமும் வேலைக்குப் போறவ அக்கா.

தலைவியக்கா: தலையில என்னடி பேதம்? நம்ம ஸ்டாப்ல ஒரு வாரத்துக்குத் தினமும் இருபது பேர் ஏறணும், இல்லன்னா பஸ்ஸ நிறுத்திடுவாங்க. எதுக்கு ஏறினன்னு எவனும் கேக்கப் போறதில்ல.

கண்டக்டர்: நான் கேப்பேனே. தெருச் சங்கத் தலைவியம்மா, எங்க போகணும்?

தலைவியக்கா: முதல்ல பின்னாடி டிக்கெட் போட்டுட்டு வாங்க.

கண்டக்டர்: சரி தாயே. நேத்து உங்க தெருப் பெரியவர் எங்கயும் இறங்கவே இல்ல. தூங்கிட்டே போய்த் தூங்கிட்டே திரும்பி வந்தாரு.

தலைவியக்கா: தூங்கினா என்ன? டிக்கெட் எடுத்தாரில்ல?

நர்ஸ்: பாவம்க்கா. மூட்டு வலியோட...

தலைவியக்கா: நான்தான் ஏறச் சொன்னேன். பஸ் நின்னா மருந்துக்கடைக்கு யார் தோள்ல போவீங்கன்னு கேட்டேன். வாயே திறக்கல.

நர்ஸ்: நீங்க கேட்டா யார் திறப்பா?

தலைவியக்கா: வேற என்ன பண்ணச் சொல்ற? கடைய மூடிட்டான். கிளினிக்கும் போச்சு. இதுவும் போனா அப்புறம் அது தெருவா? வெறும் சுவரு.

நர்ஸ்: எலக்ட்ரீசியன் பொண்டாட்டி போன் பண்ணினா. உங்கள விசாரிச்சா.

தலைவியக்கா: வீட்டக் காலி பண்றதுக்கு முன்னாடி விசாரிச்சிருக்கணும்.

நர்ஸ்: ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கிட்டு அவளும்...

தலைவியக்கா: எல்லாருக்கும்தான் புள்ளைங்க. ஒரு வீடு பூட்டினா பக்கத்து வீட்டுக்குப் பயம் வருது. அவ முகத்துல முழிக்க மாட்டேன்.

நர்ஸ்: லாரி கிளம்பறப்ப உங்க கதவத் தட்டினாளே. நீங்க உள்ளதான இருந்தீங்க?

தலைவியக்கா: ...இருந்தேன்.

நர்ஸ்: ம்.

தலைவியக்கா: நீ போயிட மாட்டேல்ல?

நர்ஸ்: நானா? பஸ் இருந்தாத்தான் எனக்கு வேலையே. ஆறு மணி ஷிப்டுக்கு நடந்தா போக முடியும்? ஏதோ... நீங்க இருக்கீங்கங்கற தைரியம்தான்.

தலைவியக்கா: இருப்பேன்டி. எல்லாரும் போனப்புறம்தான் நான்.

கண்டக்டர்: இப்பவாவது சொல்லுவீங்களா? எந்த ஸ்டாப்?

தலைவியக்கா: தண்ணித் தொட்டி ஒண்ணு.

கண்டக்டர்: நர்ஸம்மா? வழக்கம் போல ஆஸ்பத்திரியா?

நர்ஸ்: இல்ல... இன்னிக்கு லீவு. எனக்கும் தண்ணித் தொட்டி.

தலைவியக்கா: லீவா? அங்க உனக்கு என்னடி வேலை?

நர்ஸ்: ஒருத்தருக்கு... ஊசி போடணும். உங்களுக்கு?

தலைவியக்கா: தெரிஞ்சவங்க. சும்மா தலையக் காட்டிட்டு...

நர்ஸ்: எந்தத் தெரு?

தலைவியக்கா: பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி.

நர்ஸ்: மாடி வீடா? வெளிப்பக்கமா படிக்கட்டு?

தலைவியக்கா: ...உனக்கு எப்படித் தெரியும்?

நர்ஸ்: ரெண்டு ரூம். நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். நேத்து காலையில வீட்டுக்காரம்மாகிட்ட போன்ல பேசினேன். 'நாளைக்கு வந்து பாரும்மா, வாடகைக்கு உனக்குத்தான்'னாங்க.

தலைவியக்கா: நாளைக்குன்னு விட்டிருக்கக் கூடாதுடி. நேத்து சாயங்காலமே சாவிய வாங்கிட்டேன்.