பைப்பு போட்ட மண்வெட்டி

கும்மிடிப்பூண்டி போகும் காலை ரயிலில், எனக்கு எதிரே கம்பெனிச் சட்டை போட்ட இரண்டு பெண்கள். இளையவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

“என் மண்வெட்டிய கொன்னுட்டாருக்கா!”

“யாரு, உன் ஊட்டுக்காரரா?”

“பின்ன? காயலாங்கடை காயலாங்கடையா அலைஞ்சி பழைய தோட்டச் சாமானா சேக்கறேன்ல, அதுலயே அதான்க்கா என் உசுரு. மரக்காம்பு உள்ளங்கையில அப்டியே குந்தும். அத கயட்டி வெந்நி அடுப்புல வெச்சி எரிச்சிட்டு, இரும்பு பைப்ப வெல்டிங் பண்ணிக்கினு வந்து நிக்கறாரு. கேட்டா, ஆயுசுக்கும் உடையாதுன்றாரு. வெல்டர்னா கண்டதுக்கும் வெல்டிங்கா?”

“நீ இன்னாடி பண்ண?”

“அவரு ஹெல்மெட்டுல மண்ண ரொப்பி, வெந்தயம் வெதச்சிட்டு வந்துட்டேன்.”

“மண்ண எத்தாலடி வெட்டுன?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அதாலதான். நல்லாத்தான் வெட்டுது. அவராண்ட சொல்லிடாதக்கா.”