கமலம்மாக்கா கழுவிய பாட்டில்

இரவு மணி பதினொன்றரை. இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னியுங்கள். மேடையேறி நிற்க வேண்டியவள், திருப்பதி ஆஸ்பத்திரியில் மூன்று வயது மகன் கிரணின் கட்டிலோரம் குந்தியிருக்கிறேன். இப்போதுதான் கண்ணயர்ந்தான். எனவே தாட்சாயணியாகிய என் உரையை என் ஓரகத்தி சிவசங்கரி படிப்பாள். குரல் அவளுடையது, பேச்சு என்னுடையது.

நகரி தறித்தெரு மகளிர் சங்க ஆண்டுவிழாவுக்குத் தலைமை தாங்கித் தலைநிமிர்ந்து வீற்றிருக்கும் இந்திராணி அம்மையார் அவர்களே! பாவோட்டிப் பிள்ளைகளைப் பட்டம் பெறவைத்த பெரியோர்களே! தறிச்சத்தத்தையே தாலாட்டாக்கிய தாய்மார்களே! குவைத்திலிருந்து வரும் அழைப்புக்காக ஒரு காதை எஸ்.டி.டி. பூத்திலேயே விட்டுவைத்திருக்கும் என் போன்ற மனைவிமார்களே! முன்வரிசையில் மூன்றாவது சுண்டல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டுக் கமலம்மாக்கா அவர்களே! வணக்கம்.

திருப்பதியிலிருக்கும் இவளுக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? போன வருஷமும் மூன்றுதானே, அக்கா!

இன்று நான் ஒரு வீரனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வாளில்லை, வேலில்லை, வாலுண்டு! கண்ணுக்குத் தெரியாத உருவம், பெயர் பேஜ். நம்மைத் தாக்கும் கிருமியை, அந்த பாக்டீரியாவையே தாக்கும் வைரஸ் கூட்டம் அது. எப்படித் தாக்கும்? நெசவாளி வீட்டுக்குள் நுழைந்த விருந்தாளி, தறியில் தானே ஏறி உட்கார்ந்து, தன் துணியை மட்டும் நெய்து நெய்து குவித்தால் என்னாகும்? வீடு பிதுங்கும், சுவர் வெடிக்கும்! அப்படித்தான் கிருமிக்குள் புகும். தன்னைப் போலவே நூறு செய்யும். கிருமியை வெடிக்கவைத்து வெளியே வரும். அதற்காக எல்லா வீட்டிலும் நுழையுமா? நுழையாது. பொருத்தம் பார்க்கும். நம் தெருவில் பெண் பார்க்க வருகிறவர்களாவது ஒன்றிரண்டு பொருத்தத்தை விட்டுக்கொடுப்பார்கள், பேஜ் விட்டுக்கொடுக்காது!

இந்த மாவீரன் வாழும் மாளிகை எது? சாக்கடை!

சிரியுங்கள். ஆறு வருஷத்துக்கு முன்னும் சிரித்தீர்கள். புதுமருமகளாக வந்து, தினமும் பஸ்ஸேறித் திருப்பதியில் நுண்ணுயிரியல் படித்த நான், ஒரு விடியற்காலையில் பாட்டிலும் கயிறுமாகத் தெருக்கோடிச் சாக்கடையில் குனிந்தேன். என்னவெல்லாம் கேட்டீர்கள்!

"இன்னாடி பொண்ணு, குழாயில தண்ணி வர்லன்னா எங்கூட்ல கேக்கக் கூடாதா? இதையா மொண்டுக்கினு போவ?" என்றார் கமலம்மாக்கா.

"இதுக்கா பஸ் பாஸ் எடுத்து காலேஜுக்குப் போய்க்கினு வர்ற?" என்றார் நம் தலைவி.

நான் புடவை மாற்றி வருவதற்குள், பாவம் இந்தப் பெண் என்று இரக்கப்பட்டு, கமலம்மாக்கா அந்தப் பாட்டிலைக் கொட்டி, சோப்புப்போட்டுக் கழுவி, கொதிக்கவைத்த குடிநீரை நிரப்பி என் பையில் வைத்துவிட்டார். எங்கள் பேராசிரியர் நாகபூஷணம் ஐயா அந்தத் தண்ணீரில் இரண்டு நாள் பேஜைத் தேடினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, உங்க தெரு சாக்கடைய பாட்டில்ல அடைச்சு விக்கலாம் போல இருக்கே!"

உங்களைப் பார்த்துச் சிரித்தேன் அல்லவா? இனி என்னைப் பார்த்துச் சிரியுங்கள்.

பாலுக்கு உறைமோர் வாங்குவதுபோல நாம் அக்கம்பக்கத்தில் மாத்திரை வாங்குகிறோம். ஒருவர் வீட்டு மிச்சம் இன்னொருவர் வீட்டு மருந்து. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் பாதி அட்டை, கால் அட்டை, பெயரழிந்த அட்டை! இதெல்லாம் தவறென்று பரீட்சையில் பத்துப் பக்கம் எழுதியவள் நான். தொடையில் கட்டி வந்து கிரண் காய்ச்சலில் அனத்தியபோது என்ன செய்தேன்? கமலம்மாக்கா டப்பாவிலிருந்து நான்கு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கினேன். இரண்டு நாள் கொடுத்தேன். காய்ச்சல் தணிந்ததும் நிறுத்தி, மிச்சத்தைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தேன்! படிப்பு எங்கே போனது? பயம் வந்த வீட்டில் படிப்பு வாசலிலேயே நின்றுவிடுகிறது, தாய்மார்களே.

சாகாமல் தப்பிய கிருமி சும்மா இருக்குமா? பலத்தோடு திரும்பி வந்தது. பரிசோதனைச் சீட்டில் ஏழு மருந்துக்கு "கேட்காது, கேட்காது" என்றே எழுதியிருக்கிறது. கேட்பது ஒரே ஒரு ஊசி. இன்று ஆறாம் நாள். புண் கொஞ்சம் காய்கிறது. அதுவும் கேட்காமல் போனால்? டாக்டர் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

நாகபூஷணம் ஐயாவிடம் ஓடினேன். இங்குள்ள மூன்று சாக்கடையில் தேடிவிட்டார். கிரணின் கிருமிக்குப் பொருந்தும் பேஜ் இல்லை. "கிருமி எங்க வளந்துதோ, அதோட எமனும் அங்கதாம்மா இருப்பான். உங்க தெருத் தண்ணியைக் கொண்டா," என்றார். கிடைத்தாலும் நாளைக்கே மருந்தாகிவிடாது. சோதிக்க வேண்டும், டாக்டர்கள் சம்மதிக்க வேண்டும். தெரியும். ஆனால் எல்லாக் கதவும் அடைபடுமுன், ஒரு ஜன்னலாவது எங்கிருக்கிறது என்று தாய் தேடமாட்டாளா?

ஆகவே, என்னருமைத் தறித்தெருவே! கோலத்தைவிடக் கூடுதலாக வாசலைக் கழுவும் குலமே! உன்னிடம் பொன் கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை. ஒரு பாட்டில் சாக்கடைத் தண்ணீர் கேட்கிறேன்! இந்தத் தாள்களோடு சுத்தம் செய்த பாட்டில் வந்திருக்கிறது. அதை நிரப்பும் உரிமை கமலம்மாக்காவுக்கே. அக்கா, வடிகட்டாதீர்கள். கொதிக்கவைக்காதீர்கள். பிளீச்சிங் பவுடர் தூவாதீர்கள். மூடியபின் உங்கள் கையைக் கழுவுங்கள்; பாட்டிலை மட்டும் கழுவாதீர்கள்!

வீட்டுக்குப் போனதும் அந்தப் பிஸ்கட் டப்பாவில் பிஸ்கட்டையே வையுங்கள். ஊசி போடும்போதெல்லாம் கிரண், "கமலம்மா பெரிம்மா எப்போ வரும்?" என்று கேட்கிறான். உங்கள் மேல் அவனுக்குக் கோபமில்லை, அக்கா, எனக்கும் இல்லை.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், மூச்சுவிடாமல் படித்த சிவசங்கரிக்கும் நன்றி. தெருவுக்கே என் கைகூப்பிய வணக்கம்.

விழாவுக்கு மறுநாள் காலை ஏழு மணி பஸ் கண்டக்டரிடம் பாட்டிலைக் கொடுத்தனுப்புங்கள். யார் நிரப்பினார்கள், எங்கே எடுத்தார்கள் என்று கூடவே ஒரு வரி எழுதுங்கள். பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பேன். சீக்கிரம் பதில் போடுங்கள்.