ஒரு தொகுதியும் இரண்டு கோயில்களும்

"அலோ... ஓம், ஓம், அண்ணைதான் கதைக்கிறன். சொல்லு, தொகுதியின்ரை புது வரைபடம் வந்திட்டுதோ?"

புலம்பெயர்ந்த தமிழரின் கடைகள் நிறைந்த லாச்சப்பல் தெருவில், இரண்டு கையிலும் மரக்கறிப் பையோடு, தவரத்தினம் ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டார். மறுமுனையில் அமெரிக்காவில் இருக்கும் தம்பி யோகலிங்கம். அவன் மகள் சுபாங்கி அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத் தேர்தலில் நிற்கிறாள் என்று இந்தத் தெருவில் இவர் சொல்லாத கடை இல்லை.

"என்ன?... தொகுதியை ரண்டா வெட்டிப்போட்டாங்களோ?... பத்து வரியத்துக்கு ஒருக்கா சனத்தொகை எண்ணிப்போட்டுக் கீறுறதுதானே, இப்பென்ன இடையிலை?... ஓம்... ஓம்... எங்கடை சனத்துக்கு நடுவாலையோ கோடு போகுது?... அப்ப அங்கால் பக்கத்துச் சனம் பிள்ளைக்குப் போட ஏலாதோ?... ஒரு வோட்டும்?... ஐயோ, அதில்லாமல் அவள் வெல்லமாட்டாளடா! ரண்டு வரியமா வீடு வீடா ஏறி இறங்கினவள்!"

பைகளை நிலத்தில் வைத்தார்.

"ஆளுங்கட்சிக்காரன் தனக்கு வசதியாத்தான் கீறுவான், அவனை விடு. கூட்டம் வைச்சுச் சனத்தைக் கேட்டவங்களெல்லே? நாங்கள் ஒரே சனம், பிரிக்காதைங்கோ எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையோ?... என்ன கடிதம்?... அதைக் காட்டியோ வெட்டினவங்கள்?... கோயில் கடிதமோ?... 'மற்றக் கோயில்காரரோடை எங்களுக்கு ஒரு தொடர்பும் இல்லை'யெண்டோ?... எந்த மடையன் எழுதினவன்? தேர்வடம் ஆர் முதல் பிடிக்கிறதெண்டு அடிபட்டுக் கோயிலை ரண்டாக்கினது காணாதெண்டு, அதைக் கொண்டுபோய் அரசாங்கத்திட்டையோ குடுக்கிறது? சொல்லு, ஆரின்ரை கையெழுத்து?"

சாய்ந்த பையைக் காலால் நிமிர்த்திக்கொண்டார்.

"நீயோ?... கோயில் தலைவரெண்டு நீயோ வைச்சனி? பெத்த பிள்ளை நிக்கிற தொகுதியிலை... என்ன?... நானோ? நான் எப்ப சொன்னனான்?"

சொல்லியிருந்தார். போன வருடத் திருவிழாச் சண்டைக்குப் பிறகு, "அவங்களோடை சேராதை, எங்கை கேட்டாலும் நாங்கள் வேறையெண்டு எழுதிக் குடு" என்று ஒரு மணிநேரம் ஏற்றிவிட்டவர் இவர்தான். இப்போது அவருக்குத் தன்மீதே வெறுப்பு வந்தது. ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சரி... சரி, கத்தாதை. பிள்ளையிட்டை என்ரை பேரைச் சொல்லிப்போடாதை, என்ன?... பக்கத்திலையோ நிக்கிறாள்?... வேண்டாம் தம்பி, ஃபோனைக் குடாதை, குடா... அலோ... ஓம் பிள்ளை, பெரியப்பாதான்..."

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஓம்... நான்தான் எழுதச் சொன்னனான்... பிள்ளை?... சுபாங்கி?... அலோ?"

அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.