அக்கா என்று கூப்பிட்டதற்கு

கூலிம் தொழிற்பேட்டையின் கம்பெனி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவர் சூப்பர்வைசர்.

“என்னை அக்கான்னு கூப்பிட்டா. அதான் இன்டர்வியூக்கு வந்த அந்தப் பொண்ண வேலைக்கு எடுக்கல.”

“டிப்ளோமா இருக்குன்னீங்களே?”

“இருக்கு லா. கேட்டதுக்கெல்லாம் டக்குன்னு பதில் சொன்னா. நடுவுல ஒருதடவ, ‘ஆமாக்கா’ன்னுட்டா. பக்கத்துல இருந்த பாஸ், ‘உன் தங்கச்சியா’ன்னு சிரிச்சாரு.”

“அதுக்கு?”

“எனக்கு மூஞ்சிய எங்க வச்சிக்கிறதுன்னே தெரியல. சொந்தக்காரி இல்லன்னு காட்டணுமே. பெர்சனாலிட்டிக்குப் பத்துல ரெண்டு மார்க் போட்டேன்.”

மற்றவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“போறப்ப என்னைப் பார்த்து, ‘வரேன்க்கா’ன்னு சொல்லிட்டுதான் போனா.”

சூப்பர்வைசர் இறங்கும் இடம் வந்தது. எழுந்து, “அண்ணே, இங்க நிறுத்துங்க” என்று டிரைவரைக் கூப்பிட்டார். கூப்பிட்ட பிறகு, இறங்கும்வரை தலையைத் தூக்கவே இல்லை.