கிண்ணத்துப் புழு

— இன்னும் ஜன்னல் பக்கமா கொண்டு போ, ரோதாந்தி. வெட்டின ஆலிவ் காய் எல்லாத்துலயும் புழு இருக்கா?

— ஒண்ணு ரெண்டு தப்பியிருக்கு, மனூசோ. மத்ததுல எல்லாம் நெளியுது. கருமம், இதப் பாக்கத்தான் காலையில எந்திரிச்சேனா.

— பேச்சைக் குறை. பூதக்கண்ணாடிய வச்சுப் பாரு. என் கண்ணு நல்லா இருந்தா உன்கிட்ட எதுக்குக் கெஞ்சிட்டிருக்கேன்?

— நல்லாத்தான் ஆகப்போகுது. வியாழக்கிழமை ஹன்யா டவுன் ஆஸ்பத்திரியில ஆபரேஷன். அதை விட்டா இந்தக் கண்ணும் போயிரும்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? ஒண்ணு ஏற்கெனவே இருட்டாயிருச்சு.

— ஈப்புழுவா இருந்தா நான் எங்க வர்றது? நாளைக்கே ஆலையத் திறக்கணும். பச்சைக் காயாவே பறிச்சு அரைக்கணும், இல்லாட்டி எண்ணெய் நாறிப்போகும். அந்தக் கிழட்டு மிஷின் என் கைக்குத்தான் அடங்கும்.

— அதையே கல்யாணம் பண்ணியிருக்கலாம் நீ.

— அதுவாச்சும் இப்படி வாயாடாது. கேளு. அந்துப்புழுன்னா நிம்மதியா ஹன்யாவுக்கு வரேன். அது தின்ன காய் தானா உதிர்ந்திரும். மிச்சக் காய் நவம்பர் வரைக்கும் மரத்துலயே இருக்கட்டும், எண்ணெய் ஊறும். இப்பச் சொல்லு, புழு எங்க இருக்கு? ஈ மாதிரி சதையிலயா, அந்து மாதிரி கொட்டைக்குள்ளயா?

— கொட்டைக்குள்ள.

— ஏன் இவ்வளவு நேரம்?

— கொட்டைய உடைச்சுப் பாக்க வேண்டாமா?

— தலை இருக்கா? அந்துக்குப் பழுப்பாத் தலை இருக்கும். ஈப்புழுவுக்குத் தலைன்னு எதுவும் தெரியாது, கூரான முனையில கறுப்பா ஒரு கொக்கி மட்டும்.

— தலை இருக்கு. பழுப்பா.

— காலு? ஈப்புழுவுக்கு அது கிடையாது.

— காலும் இருக்கு. முன்பக்கம் குட்டி குட்டியா.

— சத்தியமா?

— உன் கண்ணு மேல சத்தியம்.

— என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு? அழுவுறியா?

— வெங்காயம் அரிஞ்ச கையால கண்ணைத் தொட்டுட்டேன்.

— அப்பாடா. புழுவக் கிளப்பிவிட்ட அந்த மழை பெஞ்சதுலேருந்து சோறு தண்ணி இறங்கல எனக்கு. பேத்தி முகத்தைப் பாத்துருவேன் போலிருக்கு.

— பாப்ப. நான் போய் ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்து வைக்கிறேன்.

— இரு. வாசல்ல வார்திஸ் வந்த சத்தம் கேக்குது, உள்ள வரச் சொல்லு.

— சங்கத் தலைவருக்கு நம்ம காயில என்ன வேலை?

— நம்ம காயா? தோப்புக்கு ஒரு பிடின்னு ஊர் பூரா சேத்த கிண்ணம்டி அது. எப்பவும் ஆலையில வச்சுத்தான் வெட்டுவேன். இந்த வருஷம் என் கண்ணைப் பாத்து வீட்டுக்கே அனுப்பியிருக்காங்க. வார்திஸ், வாடா உள்ள.

— வந்துட்டேன் மேஸ்திரி. காபிக்கடையில எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க.

— ஏன் வார்திஸ், அவங்கவங்க காயை அவங்கவங்க பாத்துக்கக் கூடாதா?

— பாத்தாச்சு அக்கா. பாதிப் பேரு ஈங்கிறான், பாதிப் பேரு அந்துங்கிறான், அடிதடி ஆகாத குறை. மேஸ்திரி சொன்னாத்தான் அடங்குவாங்க. நம்ம கத்தினியோ அம்மா பாவம், போன வருஷத் தீயில பாதித் தோப்பு போச்சு. மிச்சத்தைப் பறிக்கவா விடவான்னு ஏணி மேல கைய வச்சுக்கிட்டு நிக்கிறா.

— ஏணிய உள்ள வைக்கச் சொல்லு. அந்துதான். ரோதாந்தி கண்ணால பாத்துச் சொல்லிட்டா. நவம்பர் வரைக்கும் ஒருத்தரும் காயைத் தொட வேண்டாம்.

— நீங்க சொன்னாச் சரி மேஸ்திரி. நான் போய்ச் சொல்லிடறேன்.

— நில்லு வார்திஸ். நான் பாத்த புழுவுக்குக் கால் இல்ல.